ரெஃபரல் அனுப்பியாகிவிட்டது, அதன் பிறகு?

"இனி ரெஃபரல் எல்லாம் ஆன்லைனில்தான்" என்று ஒரு மருத்துவமனை அறிவித்தால், கையெழுத்துச் சீட்டு போய்க் கணினிச் சீட்டு வந்துவிட்டது என்றுதான் பெரும்பாலோர் எடுத்துக்கொள்கிறார்கள். மாற்றம் அவ்வளவுதான் என்றால் ஒரு மின்னஞ்சல் முகவரி போதும். பல ஆண்டுத் திட்டங்களோ, தனிச் சட்டங்களோ, உலகத் தரநிலைகளோ தேவைப்பட்டிருக்காது. ஆனால் சீட்டு போய்ச் சேர்வதற்கும் சிகிச்சை கிடைப்பதற்கும் நடுவே பல படிகள் இருக்கின்றன. அந்தப் படிகளில் எதைத் தகவல் தொழில்நுட்பம் சரிசெய்யும், எதைச் சரிசெய்யாது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

## ரெஃபரலில் கைமாறுவது என்ன?

தன்னிடம் இல்லாத திறமையோ கருவியோ அதிகாரமோ தேவைப்படும்போது, அது உள்ள இன்னொரு சேவைக்கு ஒருவரை அனுப்புவதுதான் ரெஃபரல். குடும்ப மருத்துவர் இதய நிபுணரிடம் அனுப்புவது நாம் அதிகம் அறிந்த வகை. சுகாதாரப் பணியாளர் கர்ப்பிணியைப் பிரசவ மையத்துக்கு அனுப்புவதும், மருத்துவமனை ஒருவரை மறுவாழ்வு மையத்துக்கோ மனநல ஆலோசகரிடமோ அனுப்புவதும், வீட்டு வன்முறைக்கு ஆளானவரைப் பாதுகாப்பு இல்லத்துடன் இணைப்பதும் ரெஃபரல்தான். உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட டிஜிட்டல் சுகாதாரச் செயல்பாடுகளின் வகைப்பாட்டில், ரெஃபரல் ஒருங்கிணைப்பு தனித் தலைப்பாகவே இடம்பெற்றிருக்கிறது. அதற்குக் கீழே மூன்று வேலைகள் வருகின்றன: அவசர ஊர்தி உள்ளிட்ட அவசர உதவி, சுகாதாரத் துறைக்குள் ஒரு சேவையிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்புவது, சுகாதாரத் துறைக்கும் பிற துறைகளுக்கும் இடையே அனுப்புவது.

எந்த வகையானாலும் மூன்று கைமாறுகின்றன.

1. தகவல். என்ன பிரச்சினை, இதுவரை என்ன செய்தாயிற்று, என்ன வேண்டும்.
2. மனிதர். அவர் உரிய நாளில் உரிய இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.
3. பொறுப்பு. இந்த நிமிடத்தில் அவரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியவர் யார் என்பது.

தகவலை வேகமாக அனுப்பும் மென்பொருள் ஏராளம். மூன்றாவதைக் கையாளும் மென்பொருள்தான் அரிது. அனுப்பியவர் "நான் அனுப்பிவிட்டேன்" என்று இருப்பார். பெற வேண்டியவருக்கு வந்த செய்தியே தெரியாது. இரண்டுக்கும் நடுவில் நோயாளி யாருடைய பட்டியலிலும் இல்லாமல் வாரக்கணக்கில் காத்திருப்பார். ஒரு ரெஃபரல் அமைப்பு நல்லதா கெட்டதா என்பதை இந்த இடைவெளியை வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்பது என் கருத்து.

## எங்கெல்லாம் அறுந்துபோகிறது?

1. சீட்டு எழுதப்பட்டது, அனுப்பப்படவில்லை. அல்லது ஃபேக்ஸ் தவறான எண்ணுக்குப் போனது.
2. போய்ச் சேர்ந்தது, யாரும் திறந்து பார்க்கவில்லை.
3. பார்த்தார்கள், விவரம் போதவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். திருப்பியது அனுப்பியவர் கண்ணில் படவில்லை.
4. அப்பாயின்ட்மென்ட் கொடுத்தார்கள், நோயாளிக்குச் செய்தி எட்டவில்லை.
5. செய்தி எட்டியது, ஆனால் பயணச் செலவு, வேலை, பயம் என ஏதோ ஒரு காரணத்தால் அவர் போகவில்லை. போகாதது யாருக்கும் தெரியவில்லை.
6. போனார், பார்த்தார்கள், அறிக்கை எழுதினார்கள். அறிக்கை முதல் மருத்துவருக்குத் திரும்பி வரவில்லை.

ஆறில் ஒன்று மட்டும்தான் முழுக்க நோயாளியின் பக்கம் நடப்பது. ஆனாலும் "நோயாளி வரவில்லை" என்ற ஒற்றை வரியில் பல கோப்புகள் மூடப்படுகின்றன. நான்காவது படியில் அறுந்ததை ஐந்தாவது படியின் கணக்கில் எழுதுவது நோயாளிக்குச் செய்யும் அநியாயம்.

காகிதம் எவ்வளவு பெரிய அளவில் தொலையும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு பதிவு இருக்கிறது. அந்நாட்டுப் பொதுச் சுகாதாரச் சேவையான என்ஹெச்எஸ்ஸில், முகவரி மாறிவந்த மருத்துவக் கடிதங்களை உரிய குடும்ப மருத்துவர்களுக்குத் திருப்பி அனுப்பும் வேலையை ஏற்றிருந்த என்ஹெச்எஸ் ஷேர்ட் பிசினஸ் சர்வீசஸ் நிறுவனத்தில், சுமார் 7,09,000 கடிதங்கள் கவனிக்கப்படாமல் தேங்கிக் கிடந்ததை அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் 2017-ல் வெளிப்படுத்தியது. அவற்றில் பரிசோதனை முடிவுகளும் சிகிச்சைத் திட்டங்களும் இருந்தன. யாரோ வேண்டுமென்றே மறைத்ததால் மட்டும் இப்படித் தேங்கவில்லை. ஒரு கடிதம் சேரவில்லை என்பதை அனுப்பியவர் அறிய வழியில்லாத அமைப்பில் தேக்கம் ஆண்டுக்கணக்கில் வெளியே தெரியாமல் வளரும்.

## ஒரு ரெஃபரலுக்குள்ளே

இந்த இரண்டையும் படித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே கற்பனை நோயாளியைப் பற்றியவை.

முதலாவது: "ரத்தசோகை, வயிற்றுவலி. பார்த்து ஆவன செய்யவும்."

இரண்டாவது: "வயது 58. மூன்று மாதமாக மலத்தில் ரத்தம். ஹீமோகுளோபின் 8.9, ஆறு மாதத்துக்கு முன் 12.4. எடை 6 கிலோ குறைந்திருக்கிறது. வார்ஃபரின் எடுத்துக்கொள்கிறார். கேள்வி: கொலோனோஸ்கோபி எவ்வளவு விரைவில் தேவை, அதற்கு முன் வார்ஃபரினை எப்படிக் கையாள்வது?"

முதல் சீட்டைப் பெறும் நிபுணர் இந்த நோயாளியைச் சாதாரண வரிசையில்தான் வைப்பார், வேறு வழியில்லை. இரண்டாவதைப் படிப்பவர், புற்றுநோய் இருக்கக்கூடும் என்று கண்டு முன்னால் கொண்டுவருவார். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினை எடுப்பதால், பெருங்குடலைக் குழாய்வழி பார்க்கும் கொலோனோஸ்கோபிக்கு முன்னேற்பாடு வேண்டும் என்பதும் அவருக்கு அன்றே தெரிந்துவிடும். இல்லையென்றால் பரிசோதனை நாளன்று தெரிந்து, தேதி தள்ளிப்போகும்.

மின்னணுப் படிவம் இங்கே உண்மையிலேயே உதவுகிறது. நோய்க்குறி, பரிசோதனை முடிவு, மருந்து, ஒவ்வாமை, அவசர நிலை, கேட்கும் கேள்வி என்று தனித்தனிப் பெட்டிகள் இருக்கும். அவற்றில் பாதியை நோயாளியின் மின்னணு மருத்துவப் பதிவிலிருந்து மென்பொருளே நிரப்பிவிடலாம். ஆனால் நாற்பது கட்டாயப் பெட்டிகள் வைத்தால் நேரமில்லாத மருத்துவர் "இல்லை", "தெரியாது", "பொருந்தாது" என்று தட்டிக்கொண்டே போவார். படிவம் நிறைந்திருக்கும், பயன் இருக்காது. ஒவ்வொரு துறைக்கும் முடிவெடுக்க உண்மையில் தேவைப்படும் ஆறேழு விவரங்களை மட்டும் கட்டாயமாக்குவதே சரி. அவை எவை என்பதைப் பெறும் நிபுணரும் அனுப்பும் மருத்துவரும் சேர்ந்து உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டும். இந்த வேலையை எந்த மென்பொருள் நிறுவனத்திடமும் ஒப்படைக்க முடியாது.

## நிலைகள்: மென்பொருளின் முதன்மையான வேலை

நல்ல அமைப்பில் ஒவ்வொரு ரெஃபரலுக்கும் எந்நேரமும் ஒரு "நிலை" இருக்கும். அனுப்பப்பட்டது, பெறப்பட்டது, கூடுதல் விவரம் கேட்கப்பட்டது, ஏற்கப்பட்டது, மறுக்கப்பட்டது, தேதி குறிக்கப்பட்டது, நோயாளி வந்தார், வரவில்லை, அறிக்கை அனுப்பப்பட்டது, அறிக்கை படிக்கப்பட்டது, முடிந்தது. இந்தச் சுற்று கடைசி நிலைவரை போய் முடிவதைத்தான் "மூடிய சுற்று" ரெஃபரல் என்கிறார்கள்.

ஒவ்வொரு நிலையுடனும் இரண்டு விஷயங்கள் கட்டப்பட்டிருக்க வேண்டும்: ஒரு பொறுப்பாளர், ஒரு காலக்கெடு. மேலே சொன்ன நோயாளியையே எடுத்துக்கொள்வோம். ரெஃபரல் "அவசரம்" என்ற குறியோடு போகிறது. இரண்டு வேலை நாளுக்குள் யாரும் திறக்கவில்லை என்றால் பெறும் துறையின் ஒருங்கிணைப்பாளருக்கு எச்சரிக்கை போகும். அவரும் கவனிக்கவில்லை என்றால் அனுப்பிய மருத்துவமனைக்கே திரும்பி வரும். தேதி குறித்த பிறகு நோயாளி வரவில்லை என்றால், அந்த நிலை மாறியவுடன் முதல் மருத்துவரின் பட்டியலில் அவர் பெயர் மேலே ஏறும். அங்கிருந்து யாராவது அவரைத் தொலைபேசியில் அழைப்பார்கள்.

இதில் அடிக்கடி செய்யப்படும் தவறு, எச்சரிக்கையை ஒரு தனிநபரின் பெட்டிக்கு அனுப்புவது. அவர் விடுப்பில் போனாலோ வேறு ஊருக்கு மாற்றலானாலோ எச்சரிக்கை யாரையும் எட்டாது. எச்சரிக்கை ஒரு பொறுப்புக்குப் போக வேண்டும், அந்தப் பொறுப்பில் அன்று யார் இருக்கிறாரோ அவர் பார்க்க வேண்டும். இன்னொரு தவறு, எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை வைப்பது. நாளுக்கு நூறு சிவப்புக் குறி வந்தால் நூற்றொன்றாவது குறியை யாரும் பார்க்க மாட்டார்கள்.

## இரண்டு மென்பொருள்கள் பேசிக்கொள்வது எப்படி?

அனுப்பும் இடத்தில் ஒரு நிறுவனத்தின் மென்பொருள், பெறும் இடத்தில் வேறொன்று. இவை பேசிக்கொள்ளப் பொது விதிகள் தேவை. 1987-ல் தொடங்கிய ஹெச்எல்7 அமைப்பு சுகாதாரத் தகவல் பரிமாற்றத்துக்கான தரநிலைகளை உருவாக்கிவருகிறது. ஆஸ்திரேலியாவின் கிரஹாம் கிரீவ் 2011-ல் முன்வைத்த யோசனையிலிருந்து வளர்ந்த ஃபயர் என்ற தரநிலைதான் இன்று புதிய திட்டங்களில் பெரிதும் பயன்படுகிறது.

ஃபயர் ரெஃபரலை இரண்டு துண்டாகப் பார்க்கிறது. "சர்வீஸ் ரிக்வெஸ்ட்" என்ற துண்டில் மருத்துவக் கோரிக்கை இருக்கும்: யாருக்காக, யார் கேட்கிறார், என்ன காரணம், எவ்வளவு அவசரம். "டாஸ்க்" என்ற துண்டில் அந்தக் கோரிக்கை எந்த நிலையில் இருக்கிறது, இப்போது யார் கையில் இருக்கிறது என்பது இருக்கும். இந்தப் பிரிவினை மிக முக்கியம். மருத்துவர் கேட்டது மாறாமல் அப்படியே இருக்க, அதன் நிலை மட்டும் மாறிக்கொண்டே போகலாம். முன்பு சொன்ன "பொறுப்பு" என்ற மூன்றாவது பொருளுக்கு இங்கேதான் தனி இடம் கிடைக்கிறது.

உறை ஒன்றாக இருந்தால் போதாது, உள்ளே எழுதியதும் ஒரே பொருளில் புரிய வேண்டும். நோய்களுக்கு ஐசிடி, மருத்துவச் சொற்களுக்கு ஸ்னோமெட் சிடி, ஆய்வகப் பரிசோதனைகளுக்கு லாய்ங்க் என்று குறியீட்டுத் தொகுப்புகள் இருப்பது அதற்காகத்தான். அலகு ஒன்றே போதும் குழப்பம் வர. வெறும் வயிற்றில் எடுத்த ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 7.0 மில்லிமோல் என்றால், அது டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராமுக்குச் சமம், நீரிழிவின் எல்லைக்கோடு. அலகு இல்லாமல் "7" என்று மட்டும் போனால் பெறுபவர் என்னவென்று எடுத்துக்கொள்வார்?

அடுத்தது அடையாளம். ஒரே பெயரில் இருவர், ஒருவரே இரண்டு எழுத்துக்கூட்டலில், பிறந்த தேதி தெரியாததால் ஜனவரி 1 என்று பதியப்பட்டவர்கள், இடையில் மாறிப்போன தொலைபேசி எண். நாடு முழுக்க ஒரே சுகாதார எண் இருந்தால் வேலை எளிது. இல்லாத இடத்தில் பெயர், தேதி, முகவரி ஆகியவற்றை ஒப்பிட்டு, எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் மதிப்பெண் போடும். இதில் இரண்டு வகைத் தவறு நேரலாம். ஒருவரின் பதிவு கிடைக்காமல் போவது தொந்தரவு. இன்னொருவரின் பதிவோடு கலந்துவிடுவது ஆபத்து, ஏனென்றால் ஒவ்வாமை விவரமும் ரத்தப் பிரிவும் மாறிவிடும். ஆகவே சந்தேகமான பொருத்தங்களை ஒரு மனிதர் பார்த்து உறுதி செய்யும்படி அமைப்பதே பாதுகாப்பு.

எங்கே எந்தச் சேவை இருக்கிறது என்ற பட்டியலும் வேண்டும். பட்டியலை உருவாக்குவது சுலபம். எந்த மருத்துவர் இன்னும் இருக்கிறார், எந்தக் கருவி பழுதாகிக் கிடக்கிறது, யாரை ஏற்பார்கள் என்பதை நடப்பு நிலவரத்துடன் வைத்திருப்பதுதான் கடினம். அதற்கென்று ஆள் நியமிக்காத திட்டத்தில் பட்டியல் சில மாதங்களில் நம்பத்தகாததாகிவிடும். பிறகு எல்லோரும் பழையபடி தெரிந்தவருக்குப் போன் செய்யத் தொடங்குவார்கள்.

## வராமலேயே பதில் பெறுவது

2005-ல் சான் ஃபிரான்சிஸ்கோ பொது மருத்துவமனையின் குடல்-இரைப்பைத் துறையில் ஒரு மாற்றம் தொடங்கியது. மின்னணு முறையில் வரும் ஒவ்வொரு ரெஃபரலையும் ஒரு நிபுணர் முதலில் படிப்பார். அவர் முன்னால் மூன்று வழிகள் இருந்தன: அவசரத்துக்கேற்பத் தேதி கொடுப்பது, கூடுதல் பரிசோதனை செய்யச் சொல்வது, அல்லது நோயாளி வரத் தேவையில்லாமல் அனுப்பிய மருத்துவருக்கே ஆலோசனை எழுதுவது. முறை பிற துறைகளுக்கும் பரவியது. லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தின் பொதுச் சுகாதார அமைப்பும் 2012-ல் இதே வழியிலான மின்-ஆலோசனையைத் தொடங்கியது.

இதன் பலன் பெரியது. ஒரு பகல் வேலையை விட்டுவிட்டுத் தொலைதூரம் வந்து, "இதை உங்கள் டாக்டரே செய்யலாமே" என்று கேட்டுத் திரும்பும் நிலை பலருக்கு இல்லாமல் போகிறது. அந்த இடம் உண்மையில் நிபுணர் பார்க்க வேண்டியவருக்குக் கிடைக்கிறது. அதற்கு ஒரு விலையும் உண்டு. நிபுணர் எழுதும் ஆலோசனையை நடைமுறைப்படுத்துபவர் குடும்ப மருத்துவர். கூடுதல் பரிசோதனை எழுதுவது, முடிவைப் பார்ப்பது, மருந்தை மாற்றுவது எல்லாம் அவர் தலையில் விழுகிறது. நிபுணரின் படிக்கும் நேரத்தையும் இவரின் கூடுதல் வேலையையும் பணி நேரமாகக் கணக்கில் எடுத்துக்கொண்டால்தான் இந்த முறை நிலைக்கும்.

## எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது?

சிகிச்சைக்காக மருத்துவர்கள் தகவலைப் பகிர்வதைப் பெரும்பாலான சட்டங்கள் அனுமதிக்கின்றன. 2018 முதல் அமலில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு விதிமுறை, உடல்நலத் தகவலைத் தனிப் பாதுகாப்பு தேவைப்படும் வகையாக வைக்கிறது. அமெரிக்காவில் போதைப்பொருள் சிகிச்சைப் பதிவுகளுக்குப் பொதுவான மருத்துவத் தனியுரிமைச் சட்டத்தைவிடக் கடுமையான தனி விதிகள் இருக்கின்றன. மருத்துவமனை ஒரு தொண்டு அமைப்புக்கோ சமூகநல அலுவலகத்துக்கோ அனுப்பும்போது விஷயம் இன்னும் நுட்பமாகிறது, ஏனென்றால் பெறுபவர் மருத்துவ ரகசியத்துக்குக் கட்டுப்பட்டவராக இல்லாமல் இருக்கலாம்.

பலரும் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. எந்த இடத்துக்கு அனுப்பப்படுகிறார் என்பதே ஒரு ரகசியம். "நாளை காலை 10 மணிக்கு எச்ஐவி சிகிச்சை மையத்துக்கு வரவும்" என்று ஒரு எஸ்எம்எஸ் போகிறது. அந்தக் கைபேசியைக் குடும்பத்தில் நான்கு பேர் பயன்படுத்துகிறார்கள். மருத்துவக் கோப்பு ஒரு வரிகூட வெளியே கசியவில்லை, ஆனாலும் எல்லாம் வெளிப்பட்டுவிட்டது. நினைவூட்டல் செய்தியில் துறையின் பெயர் இருக்கக்கூடாது என்ற ஒரே விதி இத்தகைய கேடுகளில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். செய்தி எந்த எண்ணுக்கு வரலாம், குரல் அழைப்பு சரியா என்பதை நோயாளியிடமே கேட்டுப் பதிய வேண்டும்.

## கணினி நின்றுபோனால்?

2021 மே 14 அன்று அயர்லாந்தின் பொதுச் சுகாதாரச் சேவையான ஹெச்எஸ்இ, பணம் பறிக்கும் மென்பொருள் தாக்குதலுக்கு ஆளாகித் தன் கணினி அமைப்புகளையெல்லாம் நிறுத்த வேண்டியிருந்தது. இப்படி நேர்ந்தால் எந்த நோயாளிக்கு எந்தத் தேதி என்பதே தெரியாமல் போகலாம். மின்னணு ரெஃபரலை நம்பியிருக்கும் இடத்தில், அடுத்த சில நாட்களின் பட்டியல் தினமும் தனியாகச் சேமிக்கப்பட வேண்டும். காகிதத்தில் எழுதியதைப் பிறகு ஏற்றும் ஒழுங்கும் ஒத்திகை பார்க்கப்பட்டிருக்க வேண்டும். இணைப்பு பலவீனமான இடங்களில் பிரச்சினை தினசரியே இருக்கும். ஆஸ்லோ பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்கும் டிஹெச்ஐஎஸ்2 போன்ற கட்டற்ற சுகாதாரத் தகவல் மென்பொருள்களின் கைபேசிச் செயலி, இணையம் இல்லாதபோது பதிந்து வைத்துக்கொண்டு, கிடைத்ததும் அனுப்பும்.

## திட்டங்கள் எதில் நிலைக்கின்றன, எதில் சரிகின்றன?

இங்கிலாந்தில் 2004-ல் தொடங்கிய "சூஸ் அண்ட் புக்" என்ற மின்னணு ரெஃபரல் திட்டத்தின் இடத்தை 2015-ல் என்ஹெச்எஸ் இ-ரெஃபரல் சேவை பிடித்தது. அதன் பிறகும் காகிதம் ஓயவில்லை. 2018 அக்டோபர் 1 முதல், குடும்ப மருத்துவர் அந்தச் சேவை வழியாக அனுப்பாத முதல் புறநோயாளிச் சந்திப்புக்கு மருத்துவமனைக்குப் பணம் கிடையாது என்ற விதி வந்தது. இது கெடுபிடியாகத் தோன்றலாம், ஆனால் காரணம் வலுவானது. காகிதமும் கணினியும் ஒரே நேரத்தில் ஓடினால் இரண்டு வரிசைகள் உருவாகும், இரண்டையும் முழுமையாகக் கண்காணிக்க யாராலும் முடியாது. டென்மார்க் வேறு வழியில் போனது. 1994-ல் தொடங்கிய மெட்காம் என்ற பொது அமைப்பு, ரெஃபரல் உள்ளிட்ட செய்திகளின் வடிவத்தை நாடு முழுக்க ஒன்றாக்கி, எந்த நிறுவனத்தின் மென்பொருளும் அதைப் பின்பற்றுகிறதா என்று சோதித்துச் சான்று கொடுத்தது. மருத்துவர் தனக்குப் பிடித்த மென்பொருளை வைத்துக்கொள்ளலாம், செய்தி மட்டும் பொதுவாக இருந்தாக வேண்டும்.

ஒரு திட்டம் வேலை செய்கிறதா என்று அறிய அனுப்பிய எண்ணிக்கையைக் கேட்பது வீண், எண்ணிக்கை எப்போதும் ஏறிக்கொண்டுதான் இருக்கும். கேட்க வேண்டியவை:

1. அனுப்பியதில் எத்தனை சதவீதம், அறிக்கை திரும்பி வந்து படிக்கப்படும்வரை போய் முடிந்தது?
2. அனுப்பிய நாளிலிருந்து ஏற்கும் நாள்வரை எத்தனை நாள்? சராசரி போதாது, அதிகக் காலம் காத்திருந்தவர்கள் யார் என்பதும் தெரிய வேண்டும்.
3. திருப்பி அனுப்பப்பட்டவை எத்தனை, எந்தக் காரணத்துக்காக? ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்தால் படிவத்தில் குறை.
4. வராதவர்களில் எத்தனை பேரை மறுபடி தொடர்புகொண்டார்கள்?
5. முதியவர், ஊனமுற்றவர், வேறு மொழி பேசுபவர், கைபேசி இல்லாதவர் ஆகியோரின் கணக்கு மற்றவர்களிடமிருந்து எவ்வளவு விலகுகிறது?

ஐந்தாவது கேள்விக்குப் பெரும்பாலும் பதில் தயாராக இருக்காது, காரணம் அந்த விவரம் படிவத்திலேயே கேட்கப்பட்டிருக்காது. அமைப்பை வடிவமைக்கும்போதே அதைச் சேர்த்தால்தான் பிறகு கணக்கிட முடியும்.

கடைசியாக ஒரு விளைவை நிர்வாகிகள் முன்கூட்டியே எதிர்பார்க்க வேண்டும். ரெஃபரல்கள் ஒரே இடத்தில் தெரியத் தொடங்கியதும் காத்திருப்போர் எண்ணிக்கை திடீரென்று உயர்ந்ததுபோல் தோன்றும். உயர்ந்தது எண்ணிக்கையல்ல, இதுவரை மேசை இழுப்பறைகளில் கிடந்தவர்கள் இப்போது கணக்கில் வந்திருக்கிறார்கள். இந்த எண்ணைப் பார்த்துத் திட்டம் தோற்றுவிட்டது என்று முடிவுகட்டினால் பழைய இருட்டுக்கே திரும்ப வேண்டியிருக்கும். எந்தத் துறையில் எத்தனை நிபுணர்கள் குறைவு, எத்தனை படுக்கைகள் குறைவு என்று நிதி கேட்கும் கோப்பில் இணைக்க வேண்டிய சான்று அதே எண்தான். மென்பொருளால் ஒரு மருத்துவரைக்கூட உருவாக்க முடியாது, எங்கே நியமிக்க வேண்டும் என்று மட்டும் காட்ட முடியும்.